சுவரில் சாய்த்து வைத்த கூண்டு

எங்கள் ஊர் ரைஸ் மில்லில் இரும்புக் கூண்டை மாட்ட மறந்துபோனார்கள் என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறதியாம், மண்ணாங்கட்டி. கூண்டு எல்லார் கண்ணெதிரிலும் சுவரில் சாய்ந்தே கிடந்தது.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில் இருந்தது அந்த மில். அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பக்கம் கரண்டு வராத காலம், ஆயில் எஞ்சினில்தான் அரவை. எஞ்சின் சக்கரத்திலிருந்து அரவை மிஷினுக்கு அகலமான பெல்ட் ஒன்று போகும். யாரும் அதில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, மேலே ஒரு கம்பிக் கூண்டை நட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். அதை ஒட்டித்தான் நாங்கள் குனிந்து தவிடு அள்ள வேண்டும். நாங்கள் என்றால் நானும் என் அக்காவும். நிலம் நீச்சு இல்லாத குடும்பம். அப்பா போன பிறகு அக்காவின் கையை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அவள் முறம் பிடித்துப் புடைத்தால் நொய் தனி, கல் தனி, அரிசி தனியாக வந்து விழும். புடைக்கிற வேலைக்கு அவளைத்தான் தேடி வருவார்கள்.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மில்லை நிறுத்தி எஞ்சினைப் பிரிப்பார்கள். எஞ்சின் ஓட்டுகிறவரை டிரைவர் என்போம். அவர் ஒவ்வொரு சாமானாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கோணியில் பரப்பி வைப்பார். மறுநாள் நல்ல நேரத்துக்குள் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எஞ்சினை ஒரு தரம் ஓடவிட வேண்டும். அந்த வருடம் ஏதோ ஒரு சாமான் சரியாக உட்காராமல் டிரைவருக்கு நேரமாகிவிட்டது. கூண்டு ஒன்றுதான் பாக்கி. அதற்குள் முதலாளி வெள்ளை வேட்டியில் வந்து நின்றார், கூடவே சம்பந்தி வீட்டு ஆட்கள்.

"அத்த அப்பறமா மாட்டிக்கலாம் வுடுப்பா, நல்ல நேரம் பூடப் போவுது" என்றார். "அதுவுமில்லாம, அத்தப் போட்டு மூடிட்டா சக்கரத்துல வச்ச பொட்டு எவனுக்குத் தெரியும்?"

டிரைவர் கூண்டைச் சுவரில் சாய்த்தார். பூஜை முடிந்ததும் ஸ்பானர்கள் சாமி படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தன. மறுநாள் வரை அவற்றைத் தொடக்கூடாது. மற்ற நாளெல்லாம் உள்ளே வேலை செய்தாலும் பூஜையன்று உள்ளே வரக்கூடாதவர்கள் என்று வாசலுக்கு வெளியே நின்ற எங்களுக்குப் பொரி வந்தது. முதலாளி தன் கை எங்கள் கையில் படாமல் மேலேயிருந்து போடுவார். நாங்கள் வலது கையைத்தான் நீட்ட வேண்டும்.

மறுநாள் வாசலில் நெல் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முதலில் அரவையை முடி என்றார் முதலாளி. அதற்கு அடுத்த நாளும் அதே பேச்சு. பிறகு டிரைவருக்கே அது வசதியாகிவிட்டது. பெல்ட் வழுக்கும்போதெல்லாம் பிடிப்புக்கு மெழுகு தடவ வேண்டும், கூண்டு இருந்தால் ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும்.

அக்கா கேட்டாள். "அண்ணா, அந்தக் கூண்ட மாட்டிடுண்ணா. கிட்டக்க போனா பொடவைய இயுக்குது."

"நாளிக்கி மாட்டிடறேம்மா. வேல கீது பாரு" என்றார் டிரைவர்.

நாளைக்கும் வேலை இருந்தது. அவள் முதலாளியிடமும் போய்ச் சொன்னாள். "உன் ஜோலி இன்னாவோ அத்தப் பாத்துக்கினு போ. மிஷினு சமாச்சாரம் உனக்கு இன்னாத்துக்கு?" என்று விரட்டினார். மிஷின் பக்கத்தில் குனிந்து கிடப்பவள் அவளா, கல்லாவில் விசிறிக்கொண்டிருந்த அவரா?

ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்கா தவிட்டை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள். முந்தானை பெல்ட்டில் சிக்கியது. இழுத்து விடுவிக்க வலது கையை நீட்டினாள். நான் போட்ட கூச்சலில் டிரைவர் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார். ஆனால் அது நிறுத்தியவுடன் நிற்கிற சக்கரமில்லை. அது சுற்றி ஓய்ந்த பிறகுதான் அவளை வெளியே எடுக்க முடிந்தது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டாள்: "இனிமே அடுப்புக்கு இன்னாடி பண்ணுவோம்?"

மறுநாள் அவளுடைய முறத்தை எடுத்துவர மில்லுக்குப் போனேன். கூண்டு மாட்டியிருந்தது. விசாரிக்க ஆபீசர் வந்திருந்தார். "பொம்பள முந்தானைய ஒயுங்கா சொருவிக்கல சார், அதுக்கு நாம இன்னா பண்றது?" என்றார் முதலாளி. ஆபீசர் கூண்டைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "அது நேத்து மாட்னது சார்" என்றேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் போனபின் டிரைவரைப் பிடித்துக்கொண்டேன். "அத்த மாட்ட எம்மாம் நேரம் ஆச்சிண்ணா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு பீடி குடிக்கிற நேரம்."

அடுத்த ஆயுத பூஜைக்கும் நான் அந்த மில்லில்தான் இருந்தேன். வேறு எங்கே போவது, வீட்டில் இருந்தது என் இரண்டு கைகள்தான். பொரி வாங்க அக்காவும் கிளம்பினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எஞ்சினைப் பிரித்துக் கழுவிப் பூட்டியாகிவிட்டது. கூண்டு அதனிடத்தில் இருந்தது, அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். முதலாளி பொரித் தட்டோடு வெளியே வந்து வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா இடது கையை நீட்டினாள்.

"இன்னாம்மே, பூஜப் பொரிய பீச்சாங்கையில வாங்குற? சோத்தாங்கைய நீட்டு" என்றார்.

அக்கா கையை மடக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"சோத்தாங்கை உங்க மிஷினாண்ட கீது மொதலாளி. நீங்களே வாங்கிக் குடுங்க."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். உள்ளேயிருந்த சம்பந்தி வீட்டாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொரியை அவளுடைய இடது கையிலேயே போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். வழியில் அக்கா அதைக் கோழிகளுக்கு இறைத்தாள். என் கையிலிருந்ததையும் வாங்கி இறைத்தாள்.