திரைக்குப் பின்னால் ஒரு தும்மல்

என் தங்கைக்கு வரன் பார்த்தபோதுதான் ‘குழல்காரர்’ என்ற பெயரை முதலில் கேட்டேன். மலை ஏற வருகிறவர்களுக்கு மூங்கில் குழல் செய்து விற்பவர். செய்யத் தெரியும், ஊதத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு, கடைத் திரைக்குப் பின்னாலிருந்து தங்கை ஊதுவாள். முன்னால் அவர் குழலை உதட்டில் வைத்து விரலை ஆட்டுவார். பாராட்டெல்லாம் அவருக்கே.

ஒருநாள் கடை நிறையக் கூட்டம். தங்கைக்குத் தும்மல் வந்து பாட்டு நின்றது. பெருமையில் கண்ணை மூடியிருந்தவரின் விரல் நிற்கவில்லை.

“அண்ணே, விரலு நல்லாவே பாடுது!” என்றாள் ஒருத்தி. கடையே சிரித்தது.

அவர் முகம் செத்துப்போயிற்று. தலை நிமிராமல் திரையை விலக்கினார்.

“நீயே முன்னாடி வாம்மா. எனக்கு மூஞ்சியக் காட்டவே கூசுது.”

“ஏங்க, இத்தன நாள் கூசலையா?”

அவர் குழலை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார்.

இப்போது அவள் முன்னால் நின்று ஊதுகிறாள். அவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மூங்கிலில் துளை போடுகிறார்.