கதிர்காமு அண்ணையின் வள்ளத்துக்குப் போட்ட மூன்று பட்டிகள்

1. உரிந்து வந்த பட்டி

"இந்தா, உன்ரை வேலை. நீயே வைச்சிரு" என்று சொல்லிப் பன்னிரண்டு அடி நீளமான பைபர் பட்டி ஒன்றைக் கதிர்காமு அண்ணை எங்கள் பட்டறை மேசையில் போட்டார். அவருடைய வள்ளத்தின் அடியில் நான் ஒட்டிவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை. பாம்பு சட்டை கழற்றியதுபோல ஒரு கிழிசல் இல்லாமல் முழுதாக உரிந்து வந்திருந்தது.

எண்பத்து மூன்றின் தொடக்கம். காங்கேசன்துறைக்குக் கிட்ட பைபர் வள்ளம் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். நான் உரும்பிராயான். வெங்காயமும் புகையிலையும் தெரியும். நீந்தத் தெரியாது, இன்றுவரை தெரியாது. எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், வந்தவர்களில் ரெசின் என்ற பசையின் மணத்துக்குத் தலை சுற்றாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

அந்தக் கரை முழுக்க முருகைக்கல், சொரசொரப்பான பவளக்கல். தினமும் வள்ளத்தை அதில் இழுத்து ஏற்றினால் முதலில் ஜெல்கோட் என்ற மேல்பூச்சுத் தேயும். பிறகு கண்ணாடி நார் வெளியே தெரியும். நார் தண்ணீர் குடித்தால் வள்ளம் கனக்கும், அதற்குப் பிறகு ஓட்டைதான். ஆகவே கீல், அதாவது அடியின் நடு முதுகு, நெடுகலும் மற் என்ற கண்ணாடி நார்ப் பாயை மூன்று மடிப்பு வைத்து, ரெசின் ஊட்டிப் பட்டி போடுவோம். தேய்கிற பட்டி தேயட்டும், வள்ளம் தப்பட்டும். தலைச்சுமைக்குச் சும்மாடு வைப்பதுபோலத்தான்.

கதிர்காமு அண்ணைக்குப் போட்ட முதல் பட்டியும் இப்படித்தான் உரிந்தது. ரெசினை இறுகவைக்கும் ஹாடினர் குறைந்துவிட்டது என்றார் முதலாளி. இரண்டாம் தரம் மருந்து கலக்குபவன்போலச் சொட்டு எண்ணி ஊற்றினேன். அதுதான் இப்போது மேசையில் கிடந்தது.

முதலாளி பட்டியை ஒருதரம் புரட்டிப் பார்த்தார். "தம்பி, மூண்டாவதும் உரிஞ்சால் நீ வெங்காயம் நடப் போகலாம். கரையிலை நாலு பேர் கதைச்சால் என்ரை பட்டறையைப் பூட்டவேண்டியதுதான்."

சிரிக்காமல் சொன்னார். எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. ஊரில் எனக்கு 'பைபர் என்ஜினியர்' என்று பட்டம் வேறு வைத்திருந்தார்கள். அந்தப் பட்டத்தோடு வெங்காயத் தோட்டத் தறைக்குத் திரும்பிப் போனால் ஒரு வருடத்துக்குச் சிரிப்பார்கள்.

2. கரையில் கண்டது

குற்றம் என்னுடையதல்ல என்று நான் முடிவுகட்டிவிட்டேன். கல்லிலே முரட்டுத்தனமாக இழுத்துத்தான் கழற்றுகிறார்கள், கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் கரைக்குப் போனேன்.

வள்ளம் வந்தது. நான்கு பேர் இறங்கிப் பச்சைத் தென்னம் மட்டைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் வழுக்கி ஏற்றினார்கள். ஒரு கல் படவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மீனை இறக்கி முடித்ததும் கதிர்காமு அண்ணை வள்ளத்தைச் சரித்துவைத்து, ஒரு மண் முட்டியும் துணியுமாகப் பக்கத்தில் குந்தினார். துணியை முட்டிக்குள் தோய்த்து அடியெல்லாம் தடவத் தொடங்கினார். குழந்தைக்கு எண்ணெய் வைப்பதுபோல அவ்வளவு பக்குவம்.

"அண்ணை, உதென்ன பூசுறியள்?"

"சுறா எண்ணெய்."

"ஏன்?"

"ஏனோ? அப்பு பூசினவர், அவற்றை அப்பு பூசினவர். பூசாட்டி மரம் வெடிக்குமெல்லோ."

"அண்ணை, உது மரமில்லை!"

"எனக்குத் தெரியாதே? எண்டாலும் வெயிலிலை கிடக்குது, பாவம்."

நான் முட்டியை முகர்ந்து பார்த்தேன். "எங்களிட்டைத் திருத்தக் கொண்டுவாற அண்டும் பூசினனீங்களோ?"

"ஓம், அண்டைக்கு இரண்டு தரம். அடுத்தவன்ரை இடத்துக்கு அனுப்பேக்கை சும்மா அனுப்பலாமே? என்ன நினைப்பியள்?"

 எண்ணெய் இருந்தால் ரெசின் ஒட்டாது. வள்ளம் பட்டறைக்கு வந்த நாளில் அந்த மணம் என் மூக்கிலும் அடித்ததுதான். ஆனால் வெங்காயத் தறையில் வளர்ந்தவனுக்கு என்ன தெரியும்? வள்ளம் என்றால் மீன் நாறும் என்று நினைத்து, சாண்ட் பேப்பர் போட்டு அந்த எண்ணெயை இன்னும் உள்ளே தேய்த்து ஏற்றிவிட்டேன். பிறகு எண்ணெய் நீக்கும் அசிற்றோனால் ஒரே ஒரு துடை.

அவரைத் திட்ட வாயெடுத்தேன், ஆனால் சிரிப்பு முந்திவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். முட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான்தானோ கழட்டினனான்?" என்றார். முகம் வாடிவிட்டது.

"நீங்கள் பாதி, நான் பாதி" என்றேன்.

3. மூன்றாம் பட்டி

முதலாளியிடம் ஒளிக்காமல் சொன்னேன், என் மூக்கின் கதையையும் சேர்த்து. அவர் மூன்றாம் பட்டிக்கு மூன்று நாள் தந்தார்.

சுடுதண்ணீரும் சவுக்காரமும் போட்டுக் கழுவினேன். காயவிட்டு அசிற்றோனால் துடைத்தேன். துணி மஞ்சளாக வந்தது; திரும்பத் துடைத்தேன். துணி வெள்ளையாக வருமட்டும் சாண்ட் பேப்பரைத் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் தேய்த்துப் புதுப் பட்டி போட்டேன். கதிர்காமு அண்ணை தினமும் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பூசாமல் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்றார். பட்டி நன்றாக இறுகியபின் எவ்வளவும் பூசலாம், ஆனால் திருத்த வரும்போது மட்டும் வேண்டாம் என்று ஒப்பந்தம் செய்தோம்.

ஒரு மாதம் கழித்து முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். பையில் ஓர் உளி. வள்ளக்காரர் எல்லோரும் பார்த்திருக்க, பட்டியின் ஓரத்தில் உளியை வைத்து நெம்பினார். வரவில்லை. மற்றப் பக்கம் போய் நெம்பினார், பிறகு சுத்தியலால் இரண்டு அடி. உளியின் முனைதான் மடிந்தது. 

முதலாளி உளியைப் பைக்குள் போட்டார். "நாளைக்கு வேளைக்கு வா. ரெண்டு வள்ளம் வந்து கிடக்கு" என்றார்.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தேன். இந்தத் தொழிலில் புதிதாகச் சேரும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வள்ளத்தை முகர்ந்து பாருங்கள், அதற்கு முதல் உடையவரிடம் கேளுங்கள். "என்ன பழுது?" என்று கேட்டால் கல்லையும் கடலையும் சொல்லுவார்கள். "இதை எப்படிப் பார்த்துக்கொள்ளுறனீங்கள்?" என்று கேட்டால்தான் எண்ணெய் முட்டி வெளியே வரும். வரும்போது தயவுசெய்து திட்டாதீர்கள். அந்த வள்ளத்தில் அவர்களுக்கு உங்களைவிடப் பாசம் அதிகம்.