படிக்காத விதிமுறையைப் படித்ததாகச் சொன்னேன்

சமயநல்லூரிலிருந்து தினமும் பேருந்தில் போய் எம்.பி.ஏ. படித்தவள் நான். வகுப்புப் பிரதிநிதி என்பதால் எல்லோரும் என்னிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டாம் பருவத்தில் என் தோழி நஸ்ரீனுக்குக் குழந்தை பிறந்தது. வருகைப்பதிவு குறைந்துவிட்டதே என்று பயந்து, என்ன செய்வதென்று போனில் கேட்டாள்.

"டாக்டர் சர்டிபிகேட்டப் பரீட்சை அன்னைக்குக் குடுத்தாப் போதும்" என்றேன்.

"விதிமுறையப் படிச்சுட்டுத்தானடி சொல்ற?"

"படிச்சுட்டேன்."

உண்மையில் பல்கலைக்கழகம் அனுப்பிய விதிமுறைகளை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ ஒரு சீனியர் சொன்னதைத்தான் சொன்னேன்.

தேர்வு நெருங்கியும் நஸ்ரீனுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. கைக்குழந்தையோடு கல்லூரி அலுவலகத்துக்கு வந்தாள்; நானும் கூடப் போனேன். வருகைப்பதிவில் சலுகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் எப்போதோ முடிந்திருந்தது. அந்தப் பருவத்தை அடுத்த ஆண்டு மறுபடி படிக்க வேண்டும் என்றார்கள்.

"யாரும்மா உங்களுக்கு அப்படிச் சொன்னது?" என்று அலுவலர் கேட்டார்.

பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்காமலே, "நான்தான் சார் தப்பா நெனச்சுட்டேன்" என்றாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அவள் வீட்டுக்குப் போய், விதிமுறையை நான் படிக்கவே இல்லை என்ற உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"தெரியலன்னு சொல்லியிருந்தா நானே படிச்சிருப்பேன்ல" என்றாள்.

இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும், "தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.