சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய வீடு

என் மூக்கை ஏமாற்ற முடியாது. நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததுமே, அங்கே கவனிப்பு நடக்கிறதா, பாவலா நடக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் காரைக்காலில் அதுதான் என் பிழைப்பு. ஆஸ்பத்திரி மேட்ரனோடு சண்டை போட்டு நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, வீடுகளுக்கு ஆள் அனுப்பி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். நாங்கள் அனுப்பிய ஆட்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் மூக்கு. அப்புறம் நோயாளியைப் புரட்டி முதுகைப் பார்ப்பேன். அப்புறம் நகம், நாக்கு. வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கடைசியாகத்தான் கேட்பேன்.

பட்டினச்சேரியில் ஒரு வீட்டைப் பற்றிப் புகார் வந்தது, அதுவும் துபாயிலிருந்து. பக்கவாதம் வந்து, பேச்சும் போய்ப் படுத்துவிட்ட ஒரு மீனவரின் மகன் அங்கிருந்து போன் செய்தான்.

"எங்கப்பா வாயவே தொறக்க மாட்டேங்கிறாராம். கஞ்சி குடுத்தா துப்புறாராம். ஒங்க ஆளு என்னதாங்க பண்ணுது? போய்ப் பாருங்க. சரியில்லன்னா நிறுத்திடுறேன்."

டாக்டரைக் கேட்டேன். "தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. அவரால முழுங்க முடியும், முழுங்க மாட்டேங்கிறார். இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காதும்மா" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த வீட்டுக்கு நாங்கள் அனுப்பியிருந்தது நெரவிப் பக்கத்துப் பெண், நாற்பது வயதுக்காரி. கிள்ளுகிறாளா, மிரட்டுகிறாளா, இன்றைக்கு அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டே பஸ் ஏறினேன். அன்று சனிக்கிழமை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கை புல்லரித்தது. ஏனென்று தெரியவில்லை. நல்ல வெயில், தெருவில் வலை காய்ந்துகொண்டிருந்தது, பயப்பட அங்கே என்ன இருக்கிறது? கெட்ட வாடைகூட இல்லை. பினாயில், அதற்கு மேல் ஊதுபத்தி. உள்ளறை புழுக்கம் என்று கட்டிலை முன்கூடத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் படட்டும் என்று தலைமாட்டையும் மாற்றியிருந்தார்கள். வெள்ளை விரிப்பு, புது வேட்டி, மழித்த முகம், நெற்றி நிறைய விபூதி. புரட்டிப் பார்த்தேன். முதுகில் ஒரு சிவப்புகூட இல்லை. வாய் கோணித் தொங்கி ஈ போகிறது என்று தாடையைச் சேர்த்து மெல்லிய துணி கட்டியிருந்தாள் எங்கள் பெண். பாதங்கள் வெளிப்பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, இரண்டு பெருவிரல்களையும் நாடாவால் சேர்த்திருந்தாள். எதைக் கேட்டாலும் காரணம் சொன்னாள். வேலைக்கண்ணோடு பார்த்த எனக்கு அந்தக் காரணங்கள் எல்லாம் நியாயமாகவே பட்டன.

"கஞ்சி குடுக்கும்போது கட்டை அவுத்துடுவேன்க்கா. ஆனா உதட்டத் தொறக்கவே மாட்டேங்கிறாரு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கிள்ளுகிற கண் இல்லை அது.

அவருடைய மனைவி தலைமாட்டில் நல்லெண்ணெய் விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தார். "சனி புடிச்சிருக்குன்னாங்க. திருநள்ளாத்துக்கு நேர்ந்துக்கிட்டு ஏத்துறேன்" என்றார், காதோடு சொல்வதுபோல. நோயாளியிடம் சத்தம் போடக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அந்த வீட்டில் அதை அச்சு பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

நான் குனிந்து, "ஐயா, தண்ணி வேணுமா?" என்றேன். கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கேள்வி புரியாத பார்வையும் இல்லை அது. அந்தக் கேள்வியை வேறு யாரையோ கேட்டதாக நினைக்கிற பார்வை. கட்டை அவிழ்த்து, ஸ்பூனை உதட்டில் வைத்தேன். உதடு இறுகியது.

அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். கால்மாட்டில் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணைத் துடைத்தாள், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். எங்கள் பெண் தாடையை மறுபடி பதமாகக் கட்டினாள். குறை என்று ஒன்றும் அகப்படவில்லை. கவனிப்பு மிக நன்று என்று சொல்லிவிட வேண்டியதுதான். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

தெருமுனை வரை வந்த பிறகுதான் உறைத்தது. நான் போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. எந்த வீட்டிலும் வாசலில் நின்று பத்துத் தடவை சொல்கிறவள் நான். சாவு வீட்டில்தானே இப்படிச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம்? உள்ளே இருந்த நேரமெல்லாம் நானும் குசுகுசுவென்றுதான் பேசியிருக்கிறேன். ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். திரும்பி ஓடினேன்.

வாசற்படியில் நின்று, இந்த முறை நர்ஸாக இல்லாமல், துக்கம் கேட்க வந்தவளாகப் பார்த்தேன். தலை தெற்கே இருந்தது. தாடையில் கட்டு, காலில் கட்டு, தலைமாட்டில் ஒற்றை விளக்கு. அந்த அம்மாள் கைப்பிடிச் சுவரில் எள்ளுச் சோற்றை உருட்டி வைத்துவிட்டு "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் சனிக்கிழமை வேண்டுதல்தான். ஆனால் கட்டிலில் கிடந்தவருடைய கண்கள் அந்தச் சோற்றின் மேலேயே இருந்தன. காக்கை வந்தது. ஒரு வாய் கொத்தியது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! மனுஷர் சாப்பிட மறுக்கவில்லை. தன் சோற்றை வெளியே சுவரில் வைத்தாயிற்று என்று கிடக்கிறார்.

"வெளக்க எடுங்கம்மா! கட்டிலத் திருப்பு!" என்று கத்தினேன். தாடைக் கட்டை உருவினேன். நாடாவைப் பிய்த்தேன்.

"கால் சாஞ்சிடும்க்கா" என்றாள் எங்கள் பெண்.

"சாயட்டும்டி! ரெண்டு பக்கமும் தலகாணி வை!"

அந்த அம்மாள் ஓடிவந்தார். என் கையில் இருந்த நாடாவைக் காட்டினேன். பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. நான் சொல்லாமலேயே புரிந்துவிட்டது.

"அம்மா, அவரத் திட்டுங்க" என்றேன்.

"என்னாது?"

"எப்பவும் எப்படித் திட்டுவீங்களோ அப்படி. செத்தவங்கள யாராச்சும் திட்டுவாங்களா?"

அப்புறம் வந்தது பாருங்கள், மீன் மார்க்கெட்டில் பழகிய குரல், கூரை அதிர்ந்தது. "யோவ்! என்னய்யா கெடக்குற இப்படி? பெரிய மகாராசா, வெள்ள வேட்டியக் கட்டிக்கிட்டு! என்னைய நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிரலாம்னு பாக்குறியா? தொலச்சுப்புடுவேன் தொலச்சு! தொறய்யா வாய!" திட்டிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவர் கண்கள் மெல்லத் திரும்பின. மனைவியின் முகத்துக்கு வந்தன. எங்கோ வெகு தூரத்திலிருந்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறவர்போல நெற்றியைச் சுருக்கினார். உதடு விலகியது. எங்கள் பெண் கஞ்சியை ஊட்டினாள். முதல் ஸ்பூன் கடைவாயில் வழிந்தது. அடுத்தது உள்ளே போனது.

சில மாதம் கழித்து மறுபடி போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழறலாகப் பேச்சு திரும்பியிருந்தது. எல்லா வீட்டிலும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். "எங்க ஆளுங்க கவனிச்சதுல ஒங்களுக்கு ஏதாச்சும் கொறை இருந்துச்சாங்கய்யா?"

"ஒரு கொறையும் இல்லம்மா" என்றார். "குளிப்பாட்டி, கோடி உடுத்தி, எல்லாம் மொறப்படிதான் செஞ்சாங்க. ஏன் இன்னும் எடுக்கலன்னுதான் வெளங்கல. சரி, மவன் துபாய்லேருந்து வரட்டும்னு போட்டு வெச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

வாசலைப் பார்த்தார்.

"அதுக்குக்கூட அவன் வரலியேம்மா."