பாக்குமட்டை கட்டிய வலது கால்

அரச வாகனம் ஓட்டும் உத்தியோகத்தருக்கு அந்த வாகனத்தால் உடற்கேடு வருமானால், அதைத் தடுக்கும் சாதனத்தைத் திணைக்களமே கொடுக்க வேண்டும். இது விதி. முன் அனுமதியின்றி வாகனத்தில் ஓர் ஆணியைக்கூடப் புதிதாகப் பொருத்தக் கூடாது என்பது அதற்கு அடுத்த பந்தி. முதல் பந்தியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை; அடுத்ததை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். திணைக்களத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். ஓய்வூதியம் இன்றும் அங்கிருந்துதான் வருகிறது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் ஒரே வளவில் எங்கள் குடும்பமும் சித்தப்பா குடும்பமும் இருந்தோம். வெளிக்கள உத்தியோகத்தரான சித்தப்பாவுக்கு, மலைக் கிராமங்களுக்குப் போய்வர ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். கண்டி டவுனுக்குள் அது சாதுவான பிராணி. முதல் கியரில் ஏற்றம் ஏறும்போதுதான் சுயரூபம் காட்டும். எஞ்சினிலிருந்து வளைந்து வரும் சைலன்சர் குழாய் வலது பாதத்தை உரசாத குறையாகப் போகும். செருப்புப் போட்டால் வார் இளகும். சப்பாத்துப் போட்டால் கால் வேகும். ஒரு கொப்புளம் ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

குழாய்க்கு ஒரு மறைப்புத் தகடு பொருத்த அனுமதி கேட்டு சித்தப்பா முறைப்படி எழுதினார். பதில் வரவில்லை. ஆனால் இந்த மனிதருக்குக் கால் சரியில்லை என்ற செய்தி மட்டும் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்ட முடியாத ஆளைத் தொலைவிலுள்ள மொனராகலைக்கு மேசை வேலைக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. சித்தி அப்போது நிறைமாதம். சனிக்கிழமை மேலதிகாரியே நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகத் தகவல் வந்தது.

அந்த வாரம் எங்கள் வளவு ஆராய்ச்சி நிலையமானது. அப்பாவின் யோசனைப்படி காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு போன சித்தப்பா, பிட்டு மாதிரி அவிந்த பாதத்தோடு திரும்பினார். அடுத்து பிஸ்கட் டின் தகட்டைக் கட்டினார்கள். அது தோசைக்கல்லாக மாறியது.

"கொஞ்சம் மாவு ஊத்தியிருந்தா ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சிருக்கும்," என்றார் சித்தி.

நான் இதில் எதிலும் சம்பந்தப்படாமல், வளவின் சரிவில் பாக்குமட்டை மேல் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தேன். மரத்திலிருந்து ஓலையோடு விழும் அகன்ற மட்டை அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது. சித்தி என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டி, மேலேருந்து கீழ வரைக்கும் தேச்சுக்கிட்டு வர்றியே, பின்னாடி சுடலையா?"

சுடவில்லை என்றேன். சித்தி மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதைத் திருப்பித் தந்துவிட்டு, வேறு இரண்டு மட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் காலின் வடிவத்துக்கு வளைத்தார். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு, முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் மூட, கிழிந்த சைக்கிள் டியூபால் கட்டினார். ஒரு காலுக்குக் கவசம் வாங்கியதோடு பணம் தீர்ந்துபோன கிரிக்கெட் ஆட்டக்காரர் போலிருந்தார் சித்தப்பா.

மேலதிகாரி ஜீப்பில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார்.

"இதென்ன காணும்? அனுமதியில்லாமல் வாகனத்தில ஒண்டும் பூட்டக்கூடாதெண்டு தெரியாதோ?"

"வாகனத்துல ஒண்ணும் பூட்டலைங்க சேர். கால்லதான் கட்டியிருக்கேன். கால் திணைக்களத்துச் சொத்து இல்லைங்களே."

மேலதிகாரி குனிந்து அந்தக் காலைச் சுற்றிப் பார்த்தார். விதியில் காலைப் பற்றி எதுவுமில்லை. "சரி, மேல் கிராமத்துக்கு ஏறும். நான் பின்னால வாறன். அங்க வைச்சுக் காலைப் பார்ப்பம்."

திரும்பி வரும்போது சறுக்கலாம் என்று என் மட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் குறுக்குப் பாதையில் ஓடினேன். பாதி ஏற்றத்தில் ஜீப் கொதித்து, மூடியிலிருந்து ஆவி கக்கி நின்றுவிட்டது. முன்னே போன சித்தப்பா மரியாதையாகத் திரும்பி வந்து, மேலதிகாரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். அந்தக் குழாய் ஓட்டுபவரின் காலோடு நின்றுவிடுவதில்லை. பின்னால் இருப்பவரையும் விசாரித்துவிட்டுத்தான் போகும்.

மேல் கிராமத்தில் மேலதிகாரி ஒற்றைக் காலில் குதித்து இறங்கினார். அவருடைய காலுறை சுருங்கிக் கணுக்காலோடு ஒட்டியிருந்தது. சித்தப்பா நிதானமாகக் கட்டை அவிழ்த்துக் காட்டினார். மட்டையின் வெளிப்புறம்தான் கருகியிருந்தது. உள்ளே பாதம், பழைய தழும்புகளைத் தவிர, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல் இருந்தது. கூடியிருந்த சனம் கைதட்டியது.

இனி இறங்க வேண்டும். மேலதிகாரி குழாயைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்த மட்டையை ஒருக்காத் தாறியே?"

கட்டுவதற்கு வேறொன்றும் இல்லாததால் கழுத்திலிருந்த டையைக் கழற்றிக் கொடுத்தார். சித்தப்பாவே கட்டிவிட்டார். இரண்டு பாக்குமட்டைக் கால்களோடு மோட்டார் சைக்கிள் எங்கள் வளவைக் கடந்தபோது, சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அம்மா பயந்தே போனார். மொனராகலைப் பேச்சு அன்றோடு ஒழிந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வெளிக்கள உத்தியோகத்தர்கள் அத்தனை பேரும் வலது காலில் மட்டையோடுதான் வந்தார்களாம்.

கடைசியில் அந்தப் பழைய கடிதத்துக்குப் பதில் வந்தது. உத்தியோகத்தர்களின் கால்களில் காயம் எதுவும் காணப்படாமையால் பாதுகாப்புச் சாதனத்துக்கான தேவை எழவில்லை. கையொப்பம் அதே மேலதிகாரியுடையது. சித்தப்பா அதை உரக்கப் படித்தார். எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நாம்தானே ஜெயித்தோம், பிறகு ஏன் இல்லை என்கிறார்கள் என்று கேட்டேன். நாங்கள் ஜெயித்ததுதான் அதற்குக் காரணம் என்பது, அதே திணைக்களத்தில் அதே மாதிரிப் பதில்களை நானே எழுதத் தொடங்கும் வரை எனக்குப் புரியவில்லை. என் மட்டையும் திரும்பி வரவில்லை.

அந்தக் கடிதத்தின் திகதி முத்திரை அன்றே மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் அது வந்த திகதியில் எனக்குச் சந்தேகமில்லை: மேலதிகாரி வந்தபோது சித்தியின் வயிற்றிலிருந்த மகன் சுவரை விட்டுவிட்டு முதன்முதலாகத் தன் காலில் நின்ற நாள்.