இரண்டு லத்தீன் புத்தகங்கள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். உத்திரமேரூர் அருகே பாதிரியாராகப் படிப்பவர்களின் குருமடம் ஒன்றில் தோட்டவேலை. ஒருநாள் லத்தீன் கற்பிக்கும் சாமியார் இரண்டு புத்தகங்களை நீட்டினார். பழைய ரோமாபுரிப் பேச்சாளர்களின் பேச்சுகளாம். பாதி மாணவர்கள் வகுப்பை விட்டுவிட்டார்கள். மீதிப் பேரையாவது நிறுத்திவைக்கும் புத்தகம் வேண்டும்.

“பாத்துப் பாத்து தலையே சுத்துது. நீயே ஒண்ணு சொல்லுப்பா.”

கூச்சத்தோடு புரட்டிப் பார்த்தேன். ஒன்றில் பக்கத்துக்கு முக்கால்வாசி பொடி எழுத்தில் விளக்கம். மற்றதில் அடியில் இரண்டு வரிதான்.

“என்னப் போயி கேக்கறீங்களே சாமி! இதுல பேச்ச வுட வெளக்கந்தான் பெருசா கீது. பேசனவர எங்க பேச வுட்டாங்க?”

அவர் சிரித்தார். விளக்கம் குறைந்ததையே எல்லோருக்கும் வரவழைத்தார்.

முதல் வகுப்பிலேயே ஒரே கூச்சல்.

“இதுக்கு அர்த்தமே போடல, சாமி!”

“அப்ப நீயே சொல்லுடா!”

சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் வெளியே வரவில்லை. நான் கெடுத்தேனா, நல்லது செய்தேனா? இன்னும் தெரியவில்லை. சாமியாரிடம் கேட்கலாம், மறுபடி என் அபிப்பிராயத்தைக் கேட்டுவிடுவாரோ என்றுதான் பயம்.