கோலைக் கொடுக்காத தொமாசா

என் தங்கை தொமாசா இந்த ஊருக்கு வாங்கிக் கொடுத்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இவற்றில் ஒன்றுகூட எங்கள் யாதேகு ஊரில் நடக்காது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

மேல்தெருவுக்குக் குடிநீர்க் குழாய். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் வாசலோடு நிற்காமல் உள்ளே பெஞ்சில் உட்காருவது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் ஊர்வேலை கிடையாது என்ற தீர்மானம். பள்ளிக்கூடத்தில் பெண்கள் முறைபோட்டுச் சமைப்பதும் ஊர்ப்பணிதான் என்ற தீர்மானம். இதில் இரண்டு கூட்டம் தோற்று மூன்றாவதில் ஜெயித்தாள். சுகாதார நிலையத்தில் ஸ்பானிஷ் தெரியாத கிழவிகளுக்கு எங்கள் மலைப் பேச்சில் மருந்து சொல்ல ஒரு பெண். ஆற்றுப் பாலத்துக்குக் கைப்பிடி. இந்தக் கைப்பிடியைச் சிலர் அப்போதைய தலைவர் ஃபோர்த்தினோ கணக்கில் சேர்க்கிறார்கள். அது தவறு. கம்பி கேட்டு எழுதியது அவர். வந்த கம்பி ஒரு மழைக்காலம் முழுக்கப் புல்லில் கிடந்து துருப்பிடித்தது. ஆள் சேர்த்து நட்டவள் என் தங்கை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் ஜெயித்தது தன் வீட்டை. மற்றவை அதன் பின்னால் வந்தவை.

இந்த மலையில் வீட்டுமனைக்குப் பத்திரம் கிடையாது. ஊருக்கு உழைப்பவனுக்கு ஊர் மனை கொடுக்கும். பாதை வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது போன்றவற்றுக்கு வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். அதற்குத் தெக்கியோ என்று பெயர். அது போக, பட்டியலில் பேர் உள்ள ஆண்பிள்ளைகள் முறை வரும்போது ஒரு வருஷம் சம்பளமில்லாமல் ஊர்ப்பணி செய்ய வேண்டும்; தலைவருக்கு மட்டும் மூன்று வருஷம். எல்லாரும் தொடங்குவது கடைசிப் படியான காவல்முறையில். முறை தவறினால் முதலில் குழாயை அறுப்பார்கள், பிறகு மனையை எடுத்துக்கொள்வார்கள். பணி யார் பேரில் முடிகிறதோ வீடும் அவர் பேரில். யாதேகுவில் இதை எவரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. குழந்தைகளுக்கே தெரியும்.

தொமாசாவின் புருஷன் செலெரினோ இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் திராட்சை பறிக்க வடக்கே கலிஃபோர்னியாவுக்குப் போனான். கொஞ்ச காலம் பணம் வந்தது. பிறகு தொலைபேசி அழைப்பு மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அங்கிருந்து திரும்பிய ஒருவன், செலெரினோ ஃப்ரெஸ்னோவில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவதாக என் எதிரிலேயே அவளிடம் சொன்னான். தொமாசா கல்லில் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

அவன் போனதிலிருந்து தெக்கியோவுக்கு மண்வெட்டி தூக்கியவள் அவள்தான். சாயங்காலம் எழுத்தர் பட்டியலைப் படிப்பார்: "செலெரினோ... வந்தார்."

"ஆமா, வந்தாரு," என்பாள் தொமாசா, சகதிக் காலோடு. "கலிஃபோர்னியாலேர்ந்து ஓடி வந்து, குழி வெட்டிட்டு, பஸ்ஸப் பிடிச்சுப் போய்ட்டாரு. நீங்கதான் பாக்கல."

எல்லாரும் சிரிப்பார்கள். எழுத்தரும் சிரித்துக்கொண்டே எழுதியதை எழுதியபடி விடுவார்.

பிறகு செலெரினோவுக்குக் காவல்முறை வந்தது. இலையுதிர் காலத்து ஊர்க்கூட்டம். நாங்கள் பெண்கள் வழக்கம்போல வாசலில் நின்றோம். ஃபோர்த்தினோ பேரைப் படித்தார். தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார்.

"ஆள் இல்லன்னா கூலிக்கு ஆள் வைக்கணும். அதுவும் முடியாதுன்னா குழாய அறுத்துட வேண்டியதுதான். எனக்கென்ன ஆசையா? ஊர் வழக்கம்."

"நான் செய்றேன்," என்றாள் தொமாசா வாசலிலிருந்து.

உள்ளே சிரிப்பு அடங்க நேரமானது. ஒருவர் எழுந்து, "ரோந்துக்கு யாரு போவா? உன் வீட்டுப் பூனையா?" என்றார்.

"பூனை எலியத்தான் பிடிக்கும் அண்ணே. குடிகாரன நான் பிடிச்சுக்கிறேன். உங்க வீட்லேர்ந்தே ஆரம்பிக்கட்டுமா?"

அதற்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை. அவள் பேச்சில் மயங்கி ஒப்புக்கொண்டார்கள் என்று இப்போது சொல்கிறார்கள். அதுவும் சரியில்லை. அந்த வயது ஆண்களில் பாதிப் பேர் வடக்கே இருந்தார்கள். வேறு ஆள் கிடையாது.

வருஷப் பிறப்பன்று அவள் கையில் கோலைக் கொடுத்தார்கள். சாதாரண மரக்கோல், தலையில் சிவப்பு நாடா. அதை வைத்திருப்பவர் ஊர் மண்டபத்தைப் பெருக்க வேண்டும், வீடு வீடாகச் சேதி சொல்ல வேண்டும், சண்டையை விலக்க வேண்டும், குடித்துவிட்டு அலம்பல் செய்கிறவரை மண்டபத்துக் கொட்டடியில் வைத்துப் பூட்ட வேண்டும், செத்தவருக்குக் குழி வெட்ட வேண்டும். ரோந்து முறை வரும் நாட்களில் அவள் பிள்ளைகள் என் வீட்டில் தூங்கினார்கள்.

சோளம் அரைக்கும் இடத்தில் பெண்களே அவளை விடவில்லை. "என்னடி, மீசை முளைச்சிடுச்சா?"

"முளைக்குது மதினி. உங்களுக்கு இருக்கிற அளவு இன்னும் வரல."

முதல் பெரிய சோதனை சிரியாக்கோ. நல்ல தச்சன், உள்ளே மெஸ்கால் சாராயம் இறங்கினால் சந்தையையே கவிழ்ப்பவன். ஒரு சந்தை நாளில் மிளகாய்க் கடையை உதைத்துத் தள்ளிவிட்டு நடு வழியில் நின்றான். தொமாசா கோலோடு போனாள்.

"ஏய், பொம்பள கையால நான் ஜெயிலுக்குப் போறதா? செத்தாலும் நடக்காது!"

"சரி, போக வேண்டாம். இங்கயே உக்காருங்க. நான் போய் உங்க பொண்டாட்டியக் கூட்டிட்டு வர்றேன்."

சிரியாக்கோ கொஞ்சம் யோசித்தான். "கொட்டடி திறந்திருக்கா?"

"திறந்துதான் இருக்கு."

"நட."

அவன் முன்னால் போக அவள் பின்னால் போனாள். மறுநாள் காலையில் வெல்லமும் பட்டையும் போட்ட காபி கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டாள். அந்த வருஷத்தில் அவன் இன்னும் பல தடவை உள்ளே போனான். ஒரு தடவைகூட அடிதடி ஆகவில்லை.

குழி வெட்டுவதும் அவளுக்குப் பழகிப்போனது. கல்லறையில் எங்கள் அப்பாவின் அக்கா புதைந்திருக்கிறாள். என் தங்கைக்கு அவள் பேரைத்தான் வைத்தார்கள். அத்தையின் மரச்சிலுவையில் சுண்ணாம்பால் எழுதிய பேரை, குழி வேலை முடிந்த ஓய்வில், தொமாசா குச்சியால் மண்ணில் எழுதிப் பார்ப்பாள். எனக்கு மூன்றாம் வகுப்பு வரை எழுத்துத் தெரியும். அவளுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். ரேகை வைத்துத்தான் அதுவரை காலம் தள்ளினாள். ஒருநாள் அடுப்புக் கரியால் என் வீட்டுச் சுவரில் எழுதிக் காட்டினாள். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் முன்னால் ஒரு சிலுவையும் போட்டிருந்தாள்.

"சிலுவை வேண்டாம்டி. அது செத்தவங்களுக்கு."

"அத்தை பேர்லேர்ந்து எடுத்தேன். முன்னால இருக்கிறத விட்டா அவ கோவிச்சுக்குவா."

நவம்பரில், இறந்தவர்களுக்குப் படைத்த சாமந்தி வாடும் முன்பே, செலெரினோவின் தம்பி அபுந்தியோ அவள் வீட்டுக்கு வந்தான். சின்னப் பையனாக இருக்கும்போதே அவள் சோறு போட்டு வளர்த்தவன். இப்போது கல்யாணத்துக்குப் பெண் பேசியிருந்தார்கள். அடுத்த வருஷக் காவல்முறைக்கு அவன் பேர் வந்திருந்தது. அவளிடமிருந்து கோலை வாங்க வேண்டியவனும் அவன்தான். உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"மதினி, அண்ணன் ஃபோன் பண்ணிச்சு. வீட்ட என்னய எடுத்துக்கச் சொல்லிடுச்சு."

"நாங்க எங்க போறதாம்?"

"உங்க அக்கா வீட்ல இருந்துக்குவீங்கன்னு..."

"இத அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"

அவன் தரையைப் பார்த்தான். "இந்த வருஷத்தோட அண்ணன் முறை முடிஞ்சிடுது மதினி. மனை அண்ணன் பேர்ல உறுதியாயிடும். அண்ணன் யாருக்குக் குடுத்தாலும் குடுக்கலாம். நான் என்ன செய்ய? எனக்கும் ஒரு கூரை வேணுமில்ல?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை. அவள் பெருக்கியதும் பூட்டியதும் வெட்டியதும் வருஷக் கடைசியில் செலெரினோவின் பணியாகிவிடும். அவள் உழைப்பே அவளை வெளியே தள்ளிவிடும். ஃபோர்த்தினோவிடம் போய்க் கேட்டாள். "கோல் மாத்துற அன்னைக்குப் பாத்துக்கலாம்மா," என்றார். நல்ல மனிதர்தான். தள்ளிப்போட முடிந்ததை எல்லாம் தள்ளிப்போடுவார்.

வருஷப் பிறப்பு வந்தது. மண்டபத்துக்கு முன்னால் பந்தல் போட்ட மேடை, ஒரு பக்கம் பழைய பணியாளர்கள் பெஞ்சில், எதிரே புதியவர்கள். கோயில் வாசலில் ஊர் வாத்தியக் குழு. நாங்கள் பெண்கள் பக்கத்துக் கொட்டகையில் சோளமாவுத் தமால் அவித்துக்கொண்டிருந்தோம். கோல் கைமாறுவது மேலிருந்து கீழ்: முதலில் தலைவர், பிறகு மற்றவர்கள், கடைசியில் காவல்முறை. கடைசிக் கோலும் கை மாறினால்தான் புது வருஷ ஆட்சி நிறையும்; அதுவரை பழைய தலைவர்தான் நடத்துவார். அப்போதுதான் வாத்தியம் முழங்கும், அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

ஒவ்வொரு பேராகப் படித்து முடித்து, ஃபோர்த்தினோ கடைசிப் பேருக்கு வந்தார்.

"செலெரினோ ஒரு வருஷம் ஊருக்குக் காவல் செஞ்சாரு. ஊர் அவருக்கு நன்றி சொல்லுது. கோலக் குடுக்கச் சொல்றேன்."

அபுந்தியோ கை நீட்டினான். தொமாசா எழுந்திருக்கவில்லை. கோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குடுங்க மதினி."

"செலெரினோவக் கூப்பிட்டாங்க. அவரு வந்து குடுப்பாரு. காத்திரு."

கூட்டத்தில் முணுமுணுப்பு. எக்காளக்காரர் வாயில் வைத்ததை எடுத்துவிட்டார். ஃபோர்த்தினோ குனிந்து மெதுவாகச் சொன்னார்: "தொமாசா, இது என்ன விளையாட்டு? எல்லாரும் நிக்கிறாங்க."

"நான் ஒரு வருஷம் நின்னேன் தலைவரே. அவங்க கொஞ்ச நேரம் நிக்கட்டும். செஞ்சவ பேரப் படிங்க, குடுத்துடறேன்."

"பட்டியல்ல அவன் பேர்தானே இருக்கு?"

"அப்போ அவன் குடுக்கட்டும்."

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "இன்னைக்கு இவ பேர எழுதுனா நாளைக்கு எல்லாப் பொம்பளைங்களும் வந்து நிப்பாங்க!"

"வரட்டுமே. ஆள் பத்தல, ஆள் பத்தலன்னு கூட்டத்துக்குக் கூட்டம் பொலம்புறது நீங்கதானே?"

கோலைப் பிடுங்கிவிடலாம் என்று ஒருவன் சொன்னான். ஆனால் பிடுங்கிய கோல் ஆட்சிக்கு உதவாது. கொடுப்பவர் கையிலிருந்து வர வேண்டும். மூடுபனி மலையிலிருந்து சதுக்கத்துக்குள் இறங்கியது. மழை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், பனிதான். தமால் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது சிரியாக்கோ எழுந்தான். அன்றைக்கென்று குடிக்காமல் இருந்தான்.

"எனக்கு ஒரு சந்தேகம். என்னய இந்த வருஷம் உள்ள வச்சுப் பூட்டுனது யாரு?"

யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கப்பா, தெரிஞ்சுக்கணும். செலெரினோதான் பூட்டுனான்னா, அவன் கலிஃபோர்னியால இருந்தான். அப்போ என்னய யாருமே பூட்டல. யாருமே பூட்டாத ஆளு எதுக்கு அபராதம் கட்டுனேன்? திருப்பிக் குடுங்க. மிளகாய்க்காரிக்குக் குடுத்ததும் சேத்து."

சிரிப்பு வெடித்தது. எக்காளக்காரர் இருமினார். ஃபோர்த்தினோ தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். ஊரே கூடி நிற்கிறது, இதுவே ஊர்க்கூட்டம்தான், இங்கேயே கேட்டுவிடலாம் என்றார். செய்த பணி தொமாசா பேரில் சேரலாம் என்பவர்கள் கை தூக்கலாம்.

முதலில் சிரியாக்கோவின் கை. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. கொட்டகையிலிருந்து நாங்களும் மாவு ஒட்டிய கைகளைத் தூக்கினோம். எழுத்தர் அவற்றை எண்ணவில்லை. ஆனால் எல்லா ஆண்களும் தங்கள் வீட்டுக் கை எது என்று திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு கைகள் நிறையவே எழுந்தன. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கடைசியாக எழுந்த கை அபுந்தியோவுடையது. (ஆற்றோரம் அவனுக்கு ஊர் மனை கொடுத்தது அடுத்த வருஷம். அந்த வீட்டுச் சுவருக்கு மண் மிதித்தவள் தொமாசா.)

ஃபோர்த்தினோ நிமிர்ந்து, இந்த முறை உரக்கச் சொன்னார்: "தொமாசா ஒரு வருஷம் ஊருக்குக் காவல் செஞ்சா. ஊர் அவளுக்கு நன்றி சொல்லுது."

அவள் எழுந்து கோலை முத்தமிட்டு அபுந்தியோ கையில் வைத்தாள்.

பணி முடித்தவர்கள் வரிசையாகக் குறிப்பேட்டில் ஒப்பமிட வேண்டும். அவள் முறை வந்ததும் எழுத்தர் பழக்கத்தில் ரேகை வைக்கும் மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினார். தொமாசா அதை மூடி அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். மரக்குச்சி பிடிப்பது போல முஷ்டியில் பிடித்தாள். வாத்தியக் குழு காத்திருந்தது. முதலில் ஒரு சிலுவை, பிறகு தன் பேர், ஒவ்வொரு எழுத்தாக, விட்டு விட்டு.

அந்தப் பக்கத்தில் அவள் பேருக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது: 1998 ஜனவரி 1, வியாழக்கிழமை.